மாப்பிள்ளை வாசல்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் அந்தப் பெரிய வீட்டின் வரலாற்றைச் சரீபிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவருக்கு ஊற்றிய தேநீர் ஆறி, ஆடை படர்ந்துவிடும். “போர்த்துக்கீசர் அத்திவாரம் போட்டது, ஒல்லாந்தர் சுவர் எழுப்பினது, இங்கிலீசுக்காரன் மேல்மாடி வெச்சது” என்று ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்லுவார். இத்தனைக்கும் வீடு அவருடையதல்ல. அது மனைவி சுஹைராவுடையது, அவளுக்கு முன் அவளுடைய உம்மாவுடையது. இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவர். முப்பது வருடத்துக்கு முன்பு கிண்ணியாவிலிருந்து அப்படி வந்தவர்தான் சரீப். வீட்டுக்காரி பேசாமல் இருப்பாள், வந்தவருக்குத்தான் பெருமை தாங்காது.

அவருடைய பெருமைக்கெல்லாம் தலை முன்வாசல் வளைவு. “ஒல்லாந்தர் நெட்டையான ஆக்கள். அதாலதான் வாசல் இவ்வளவு உயரம்” என்று சொல்லி, ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் தன் தலைக்கும் மேலே கையைத் தூக்கிக் காட்டுவார்.

அந்த வளைவுக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. மகள் மின்ஹாவுக்கு மூதூர் நஸ்ரியைப் பேசி முடித்திருந்தார்கள். வங்கியில் வேலை. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு சக்கரக் கதிரையில்தான் நடமாட்டம். சரீபுக்கு அவனை நிறையப் பிடிக்கும். வீட்டு வரலாற்றைக் கொட்டாவி விடாமல் கடைசிவரை கேட்டவன் அவன் ஒருவன்தான். ஆனால் சுஹைரா, வளைவையும் படிகளையும் இடித்து, வாசலை அகலமாக்கி, சரிவுப் பாதை போடப்போவதாகச் சொன்னதும் சரீப் துள்ளிக் குதித்தார்.

“நாலு படிதானே! நாலு பேர் பிடிச்சுத் தூக்கினா முடிஞ்சுது.”

“நாலு பேர் தூக்குறது ஜனாஸாவ. என்ட மகள்ட மாப்பிள்ளைய இல்ல.”

 ஆனாலும் சரீப் விடவில்லை. பழைய கட்டடம் என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் யாரும் இடிக்கிற அலவாங்கோடு கிட்ட வர ஏலாது என்று, தெரிந்தவர் மூலம் தொல்பொருள் படித்த சிவாஜினியை அவரே கூட்டிவந்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

அந்தப் பெண் வளைவின் பூச்சை மெல்லச் சுரண்டினாள். அவருடைய முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

“ஐயா, ஒல்லாந்தர் சிமெந்து மூட்டை கொண்டு வரேல்லையே. கல்லு பழசுதான், ஆனா கட்டினது முப்பது வருசம் போலதான் இருக்கும்.”

பிறகு வீட்டைச் சுற்றி வந்து, சமையல் நடக்கும் குசினியின் பின்சுவரில் கைவைத்து நின்றாள். “இதுதான் உண்மையாப் பழசு. கவனமா வெச்சிருங்கோ.” தேங்காய்ச் சிரட்டை அடுக்கியிருந்த அந்தச் சுவரைச் சரீப் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவள் போனபிறகு அவர் மண்டபத்துக் கதிரையில் இடிந்துபோய் உட்கார்ந்தார். சுஹைரா தேநீரோடு வந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா இவ்வளவு காலமும் வாயப் பொத்திட்டு இருந்த?”

“நீங்க ஆசை ஆசையாச் சொல்லுவீங்க. கெடுக்க மனம் வரல்ல.”

“அப்ப அந்தப் படுக்கையறைத் தடிச்ச சுவர்? பீரங்கிக் குண்டுக்குத்தானே?”

“எங்கட மூத்தாப்பாட குறட்டைக்கு. மேல்மாடி, அவர்ட மாமனார் கப்பல் பார்க்கிறதுக்கு. இந்த வீட்டில ஒவ்வொரு மாப்பிள்ளை வரக்குள்ளயும் எதையாவது இடிச்சுத்தான் கட்டியிருக்கு.”

“அந்த வாசல்?”

சுஹைரா பக்கத்தில் உட்கார்ந்தாள். “முந்தி அது சின்ன வாசல். எங்கட வாப்பாவே குனிஞ்சுதான் வருவாரு. கலியாணம் பேசினதும் உம்மா உங்களச் சந்தைக்குள்ள பார்த்திட்டு வந்து, அண்டைக்கே மேசனைக் கூப்பிட்டா. இடிஞ்ச பண்டகசாலைக் கல்லெல்லாம் எடுப்பிச்சு உயர்த்திக் கட்டினா. ‘பொறந்த வீட்ட விட்டிட்டு வாற புள்ள, முதல் நாளே தலையக் குனிஞ்சு உள்ள வரக்கூடாது’ எண்டா.”

சரீப் வாசலைப் பார்த்தார்.  மாமியின் அன்பை ஒல்லாந்தர் கணக்கில் எழுதிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகச் சந்தோசமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“மகன் நஸ்ரி, உங்கட கதிரை எவ்வளவு அகலம்?”

மறுநாள் காலை மேசன் அபூதாஹிர் அலவாங்கோடு வந்தபோது, அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றவர் சரீப்தான்.

“ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் கூட விடு. புள்ளைக்குக் கை உரசக் கூடாது” என்றார். மேசன் அலவாங்கை ஓங்கியதும் அவசரமாகத் தடுத்தார்.

“உயரத்த மட்டும் குறைச்சிராத. நான் இன்னும் இந்த வீட்டிலதான் இருக்கிறன்.”