ஒட்டிய கவரில் அக்காவின் பதில்

முதலில் எங்கள் வாசகர் வட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதுவுமே புரியாது. துப்பறியும் நாவல் என்றால், பாதிப் புத்தகம் தாண்டியதும் நம் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நூலகரிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் முடித்த பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரிப்போம். முடிக்காதவர்களின் கவரைத் தொடவே மாட்டோம்.

இந்த முறை ஒரு ஸ்காண்டிநேவியத் தொடரின் முதல் நாவல். உறைந்த ஏரி, காணாமல் போன ஒரு பெண், பனியில் அவளுடைய சிவப்புக் கோட்டு. அக்கா பாதி படித்தாள், கவரைக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் இல்லாமல் வீட்டுக்கு வந்தோம்.

அவள் கடைசியாக எழுதியது அந்தச் சீட்டுதான். எனக்கு அது வேண்டும்.

நூலகர் மசியவில்லை. "விதின்னா விதிதாம்மா. அவ முடிக்கலையே" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வட்டத்திலிருக்கும் கணக்கு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். "மிச்சத்தை அவளுக்காக நீ படிச்சுடேன். யாரு வேணாம்னா?"

அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் விட்ட பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"மெதுவாப் படிடி, ரயிலா பிடிக்கப்போறே? அவளுக்குப் புரிய வேணாமா?"

அவளுக்கு என்று அம்மா சொன்னதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் மத்தியான ஷிப்ட். வந்ததும் சேர்ந்து படிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஏது பொறுமை? தனியாகப் படித்து முடித்துவிட்டேன். அம்மா வந்ததும் "முடிஞ்சுதும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். முடிவு என்னவென்று கேட்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை கூட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து நேராக வந்துவிட்டாள், புடவையெல்லாம் நூல் பிசிறோடு.

"முதல் நூறு பக்கம் பனி மட்டும்தான் பெய்யுது. கொலைக்காகக் காத்திருந்து எனக்கே ஜலதோஷம் பிடிச்சுடுச்சு" என்றார் டீச்சர்.

மருந்துக்கடை அண்ணனுக்கு வேறு கவலை. "அந்த இன்ஸ்பெக்டர் சாப்பிடவே மாட்டேங்கிறான். நாள் முழுக்க வெறும் காபி. அல்சர் கேரண்டி."

"உங்களுக்கு அவன்கிட்டயும் மாத்திரை விக்கணும்!" டீச்சர் விடவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். கவர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. எல்லாருமே கதையில் வரும் டாக்டரைச் சந்தேகித்திருந்தார்கள், எல்லாருமே தப்பு. கடைசியாக நூலகர் அக்காவின் கவரைப் பிரித்து என்னிடம் நீட்டினார். அவளுடைய சாய்ந்த கையெழுத்து. வாசித்தேன்.

"கொலைகாரனே கிடையாது. அவ சாகலை. உடம்பை யாரும் பாக்கலையே, கோட்டு மட்டும்தானே கிடைச்சுது? எங்கேயோ இருக்கா. கடைசி அத்தியாயத்துல கதவைத் தட்டுவா, பாருங்க."

கடைசி அத்தியாயத்தில் படகுக் கொட்டகையின் தரைக்கு அடியிலிருந்து அந்தப் பெண்ணின் உடலை எடுக்கிறார்கள். அந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் அம்மா.

"சரியா, தப்பா?" ஒவ்வொரு சீட்டுக்கும் கேட்கிற கேள்வியை நூலகர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நான் வேலைக்குப் போனப்ப படிச்சியே... வந்தாளாடி?"

டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

"இது முதல் புத்தகம்தானேம்மா" என்றேன். "இன்னும் ஒம்போது இருக்கு. இதுல... இன்னும் வரலை."

நூலகர் சீட்டில் சரி என்றும் போடவில்லை, தப்பு என்றும் போடவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்துவந்து, அம்மாவின் கையில் கொடுத்தார்.

இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். வேறு ஊர், வேறு கொலை. அந்தப் பெண்ணின் பேச்சே இல்லை. ஆனாலும் கதையில் யாராவது கதவைத் தட்டினால் அம்மா வாசல் பக்கம் திரும்புகிறாள். நேற்று நானும் திரும்பினேன்.