இரண்டு குளங்களும் ஒரு ஜோடி பூட்ஸும்

பரிசோதனைக்கூடத்தின் முடிவு காலை பத்து மணிக்கு மின்னஞ்சலில் வந்தது. ஒரே வரி: குளத்துத் தண்ணீரில் புள்ளித் தவளையின் டி.என்.ஏ. இருக்கிறது.

தவளை மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அந்தப் பெயரை வைத்தவர்கள் பஸ் டிப்போ தொழிலாளர்கள். டிப்போவுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தன. நிலத்தின் மூலையில் நாணல் மண்டிய குளம் ஒன்று உண்டு. குளத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று உரிமம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் திட்ட அலுவலகம் கோப்பையே திறக்கும். அந்த ஆய்வாளர் இவள்தான். பதினாறு வருஷமாகத் தவளை, ஓணான், வௌவால் என்று அலைந்தவளுக்கு, அருகிப்போன ஒரு தவளை பஸ் டிப்போ பக்கத்தில் பிழைத்திருக்கிறது என்றால் சந்தோஷம் வராதா? வந்தது. கண் கூடக் கலங்கிவிட்டது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற கண்டக்டர். அவருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"தவளைதானே மேடம்? எங்க கூடவே இருந்துட்டுப் போகட்டும். நாங்க என்ன டிக்கெட்டா கேக்கப் போறோம்?" என்று சிரித்தார் மனிதர்.

"அப்படி இல்ல சார். அது பாதுகாக்கப்பட்ட இனம். இருக்குன்னு தெரிஞ்சா வருஷம் முழுக்கக் கணக்கெடுக்கணும். அதுவரைக்கும் அங்க ஒரு கல்லைக் கூட நகர்த்த முடியாது."

சிரிப்பு நின்றது. "பழைய குடியிருப்பை அடுத்த மாசம் இடிக்கிறாங்க மேடம். அனுமதி வந்தா அந்த நிலத்துலயே கொட்டகை போட்டுத் தங்கிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வரலைன்னா நாற்பத்திரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் போகணும். என் பேத்தி இப்பதான் பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கா."

இவள் போனை வைத்துவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். கள ஆய்வுப் படிவத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். கெட்டது கதை!

இந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு குளத்தில் இறங்கிய பூட்ஸோடு இன்னொரு குளத்துக்குப் போகக் கூடாது. பூட்ஸில் ஒட்டிய சேறு போதும், அங்கே உள்ள தவளை இங்கேயும் இருப்பதாகப் பரிசோதனையில் வந்துவிடும். அதற்காகவே படிவத்தில் 'பூட்ஸ் மாற்றப்பட்டதா?' என்று ஒரு கட்டம். அதில் டிக் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, கறையில்லாமல், கோணல்மாணல் இல்லாமல், வரிசையாக. குளத்தங்கரையில் சேற்றுக் கையோடு நின்று போடும் டிக் அவ்வளவு லட்சணமாக இருக்குமா? வண்டியை விட்டு இறங்கும் முன்பே, ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்து மொத்தமாகப் போட்டது அது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். பதினாறு வருஷத் திமிர், வேறென்ன!

டிப்போ குளத்தில் தண்ணீர் எடுத்த அன்று, காலை ஏழு மணிக்கு அவள் கல்குவாரிக் குளத்தில் இருந்தாள். அங்கே புள்ளித் தவளை கூட்டம் கூட்டமாக உண்டு. பத்தரைக்கு டிப்போ குளம். மாற்று பூட்ஸை மகள் கழுவி பால்கனியில் காயப்போட்டிருந்தாள். வண்டியில் எடுத்து வைக்க இவளுக்கு மறந்துபோயிற்று. கரையிலிருந்து தண்ணீர் எட்டவில்லை என்று நாணலை விலக்கி இரண்டடி உள்ளே இறங்கியதும் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

"அடிப்பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரிடம் காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குளத்துக்கும் ஒரு வருஷம் நிம்மதி. சொன்னால் உரிமம் போகும். படிவத்தில் பொய் டிக் போட்டவளை எந்த அலுவலகம் சும்மா விடும்? சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கண்டக்டரின் பேத்தி எப்படி இருப்பாள் என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் குழந்தை மனதை விட்டுப் போவேனா என்றது. டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டுத் திட்ட அலுவலரைக் கூப்பிட்டாள்.

அவர் முழுக்கக் கேட்டார்.

"யாரும் கேக்காம இப்படித் தானா வந்து சொன்ன ஆளை நான் பார்த்ததில்லம்மா. எழுத்துல கொடுங்க. உரிமத்தைப் பத்திக் கமிட்டிதான் முடிவு பண்ணும், அது என் கையில இல்ல. நீங்க தண்ணி எடுத்து மூணு வாரம் ஆச்சு, உங்க பூட்ஸ்ல ஒட்டிப் போனது இதுக்குள்ள அழிஞ்சிருக்கும். உரிமம் உள்ள வேற ஒருத்தர் மறுபடி எடுக்கட்டும். ஆனா இந்த வருஷம் தண்ணி எடுத்து அனுப்புற காலம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கு."

ஏழு ஆய்வாளர்களைக் கூப்பிட்டாள். ஏழு பேருக்கும் தலைக்கு மேல் வேலை. உரிமம் உள்ளவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஆள், கூடப்பிறந்த தங்கை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவள் இதே அறையில், எதிர் மேசையில் இருந்தவள். ஒருநாள் இரண்டு குளத்துத் தண்ணீர் பாட்டில்களின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். தானாகவே வந்து, "அக்கா, தப்பு பண்ணிட்டேன்" என்றாள். இவளோ, வாடிக்கையாளர் முன்னாலேயே, "இந்த மாதிரி ஆளுக்கு எங்கிட்ட இடமில்ல, கிளம்பு" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா மூலமாகத்தான் இருவருக்கும் பேச்சு.

தங்கையின் வீடு தையல் கடைக்கு மேலே. படிக்கட்டுக் கம்பியில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தவள் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்குத்தான்" என்று இவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீயா? பூட்ஸைப் பத்தி மணிக்கணக்கா பாடம் எடுப்பியே, அந்த நீயா?"

"நானேதான்டி. சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு, வருவியா மாட்டியா?"

"அந்தக் குடும்பங்களுக்காக வரேன். உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ. அந்த நிலத்துக் கேட்டைத் தாண்டி நீ ஒரு அடி வச்சே, நான் திரும்பிப் போயிடுவேன்."

இரண்டு நாள் கழித்து அந்த மகராசி புது பூட்ஸும் புதுக் கையுறையுமாகக் குளத்தங்கரையில் குனிந்துகொண்டிருந்தாள். தவளை மேடம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். பக்கத்தில் கண்டக்டர். அவரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னாள்.

"கோபம் வருது மேடம், பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "எங்க ஆளுங்க ராத்திரி தூங்கல." பிறகு தன் குடையை இவள் பக்கமும் சாய்த்துப் பிடித்தார். "ஆனா, நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது இல்ல?"

அவசரம் என்று எழுதி அனுப்பியதால் ஐந்தாம் நாளே முடிவு வந்தது. புள்ளித் தவளை இல்லை. கண்டக்டருக்குப் போனில் சொன்னபோது அவர், "ரைட், போலாம்!" என்று கத்தியதில் இவள் காது அடைத்துவிட்டது. பின்னால் யார் யாரோ கூச்சல் போட்டார்கள். தவளை இல்லையே என்று ஓர் ஓரத்தில் இவளுக்கு வருத்தமும் இருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் கமிட்டியின் கடிதம். உரிமத்தைப் பறிக்கவில்லை. மூன்று மாதம் வேறொரு ஆய்வாளரின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். அந்த ஆய்வாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தோடு மறுபடி தையல் கடைப் படியேறினாள்.

தங்கை கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நீயும் தானா வந்துதான் சொன்னே" என்றாள் இவள். "நான் உன்னை நாலு பேர் முன்னாடி விரட்டினேன். என்னை யாரும் விரட்டல. மன்னிச்சிடும்மா."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு. இங்க தப்பு பண்ணினா என்கிட்ட வந்து சொல்லணும், அவ்வளவுதான். நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல அழுதாள்.