வாலிலிருந்து ஒரு வார்த்தை

நாவல்களில் வரும் வெளிநாட்டுப் பெயர்களை நான் ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. முதல் எழுத்தைப் பார்ப்பேன், ஆள் யாரென்று தெரிந்துவிடும், தாண்டிப் போய்விடுவேன். மனசுக்குள் படிக்கிறவளை யார் கேட்கப்போகிறார்கள்?

என் நாத்தனார் கேட்டாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் தந்த குறிப்புகள் கையால் எழுதி நகலெடுத்தவை. அச்செழுத்தை வாசித்துச் சொல்லும் அவளுடைய ஃபோன் அந்தக் கையெழுத்திடம் தோற்றுவிட்டது. அதனால் பேக்கரி வேலை முடிந்து வந்ததும் நான் வாசித்துக் காட்ட வேண்டும். உடற்கூறு வாய்மொழித் தேர்வில் ஒருமுறை தவறியிருந்தாள். இன்னொரு முறை தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

மூன்றாம் நாள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“அண்ணி, இப்ப ஒரு வார்த்தையை முழுங்கிட்டீங்க.”

“இல்லையே.”

“மூச்சு வாங்கற மாதிரி நடிச்சீங்க. போன தடவை படிச்சுக் காட்டின சிநேகிதியும் இதைத்தான் செஞ்சா. தசை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எல்லாம் சொன்னேன். பேர் கேட்டாங்க, முழிச்சேன். நான் முழிச்சா எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.”

எனக்கு முகம் சுட்டது. தாண்டிய இடத்துக்குத் திரும்பினேன். கெண்டைக்கால் தசையின் பெயர், ஆங்கிலத்தில் பதிமூன்று எழுத்து, சரக்கு ரயில் மாதிரி நீண்டு கிடந்தது. எழுத்துகளை ஃபோனில் தட்டினால் அது ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடியது. பத்து முறை கேட்டோம். முன்னாலிருந்து சொல்லிப் பார்த்தால் நடுவிலேயே நாக்கு வழுக்கியது.

“வாலைப் பிடிங்க அண்ணி. கடைசியில என்ன கேக்குது?”

“மியஸ்.”

“அதுக்கு முன்னாடி?”

“நீமியஸ்.”

ஒவ்வொரு துண்டாக முன்னால் சேர்த்தோம். எப்போதும் தெரிந்த இடத்தில் போய் முடிவதால் நாக்குக்குப் பயம் விட்டுப்போனது. சொல்லும்போதே அந்தத் தசையைத் தொடவும் வேண்டும் என்றாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த என் கணவரைக் குப்புறப் படுக்கவைத்தோம்.

“கறிக்கடையில கூட ஆட்டுக்கு இவ்வளவு பேர் வைக்க மாட்டாங்க,” என்றார்.

“பேசாம படுண்ணே. பாடப் புத்தகம் பேசாது,” என்றாள் தங்கை.

நாற்பது நாள் இப்படியே போனது. எத்தனையோ சாயங்காலம் அவர் அப்படியே தூங்கிப்போனார். கெண்டைக்காலுக்கு மட்டும் நாங்கள் எழுந்து, குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்றுகொண்டு சொன்னோம். அந்தத் தசை அப்போதுதான் கல்லாக இறுகும்.

தேர்வு அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவரைப் படுக்கவைத்திருந்தார்கள். தேர்வாளர் இடத்தைச் சொல்லச் சொல்ல, அவள் தொட்டுப் பெயரைச் சொன்னாள். தோள், முதுகு, தொடை, எல்லாம் தடையில்லாமல் வந்தன. கெண்டைக்காலில் கையை வைத்தவள் நின்றுவிட்டாள்.

“பேர்?”

என் வாய்க்குள் அந்த வார்த்தை முழுதாக இருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

அப்போது அவளுடைய குதிகால் மெல்ல உயர்ந்தது.

“மியஸ்,” என்றாள். “நீமியஸ்.”

“என்னம்மா, பின்னாலேருந்து வர்றே?”

“வந்துட்டே இருக்கேன் சார். ராக்நீமியஸ்.” குதிகால் இறங்கியது. “காஸ்ட்ராக்நீமியஸ்.”

தேர்வாளர் சிரித்தார். “யாரு சொல்லிக்குடுத்தா இப்படி?”

“எங்க அண்ணி படிச்சுக் காட்டினாங்க சார். பேக்கரியில வேலை. ஒரு வார்த்தை விடமாட்டாங்க.”

முதல் இரண்டு நாள் கதையை அவள் சொல்லவில்லை. கேக்கில் பிழையில்லாமல் பெயர் எழுதி முடித்தபோது கூட நான் அவ்வளவு நேராக நிமிர்ந்ததில்லை.

தேறிவிட்டாள். அன்று சாயங்காலம் பாதியில் விட்ட நாவலை எடுத்தேன். கதாநாயகன் போய்ச்சேரும் ஊரின் பெயர் முந்நூறு பக்கமாக என்னிடம் முதல் எழுத்தாகவே இருந்தது. வாலிலிருந்து பிடித்தேன். நாலாவது முறை ஊர் முழுதாக வந்தது. இன்னொரு முறை, சத்தமாக, சொன்னேன்.

“இப்ப சரியாயிருக்கு அண்ணி,” என்றாள் நாத்தனார் அடுத்த அறையிலிருந்து. “மேல படிங்க.”