இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்

தம்பி அனுப்பிய சிடி எல்லாக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்தது. என் ஆபீஸில் செய்தது. மாடி வீட்டுக்காரர் சீட்டு விளையாடுவதற்கென்றே வைத்திருக்கும் ஓட்டைக் கம்ப்யூட்டரில்கூடச் செய்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் திரை கறுத்து, இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டு அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் கேட்கிற மருந்து எங்கள் வீட்டு நோயாளிக்குக் கேட்காது என்பது எங்களுக்குப் புதிதில்லை.

லினக்ஸ் லைவ் டிஸ்க் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது இந்த சிடியை வைத்து எழுப்பலாம், உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் வேண்டியதை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னான். அவன் வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாமே என்று கேட்டதற்கு, "அது சாகக் கிடக்குதுக்கா, அசைச்சா போயிடும்" என்றான். அது உள்ளே கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

எடுக்க வேண்டியது அம்மாவின் குரலை.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் அம்மாவைச் சில வாக்கியங்கள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால், பிறகு ஒரு கருவி அம்மாவின் குரலிலேயே பேசும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். பதிவு செய்தோம். ஆபரேஷன் முடிந்து வருவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதிவைக் கொடுக்காவிட்டால் கருவியில் ஏற்கெனவே இருக்கும் குரலைத்தான் வைப்பார்களாம். அதைக் கேட்டேன். தேன் தடவிய சின்னப் பெண் குரல். அந்தக் குரலில் அம்மா காய்கறிக்காரரிடம் சண்டை போட்டால் அவர் விலையை ஏற்றிவிடுவார்.

இப்படி நினைத்துச் சிரிக்கத்தான் முடிந்ததே தவிர, எதுவும் எனக்கு உறைக்கவில்லை. ஆபரேஷனிலிருந்தே அப்படித்தான். சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், அம்மாவின் கழுத்தில் போட்டிருந்த துளையைச் சுத்தம் செய்தேன். அழ வேண்டிய இடத்தில் அழுகை வருமா என்று நின்று பார்த்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான். அம்மா சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவாள், நான் படித்துவிட்டுத் தலையாட்டுவேன். பேச்சு போனது அம்மாவுக்கு. பேசாமல் போனது நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீடியோ காலில் வந்தான்.

"சிடியைப் போட்டு எஃப் பன்னெண்டு அழுத்தினியா?"

"அழுத்தினேன்."

"மெனு வந்துச்சா?"

"வந்துச்சு. சிடியைத்தான் தேர்ந்தெடுத்தேன். மறுபடியும் அதே கோடு."

"கீபோர்டு, மவுஸ் தவிர மத்த எல்லாத்தையும் கழட்டச் சொன்னேனே, கழட்டிட்டியா?"

"பிரிண்டர், ஸ்பீக்கர், பென் டிரைவ், எல்லாம் கழட்டிட்டேன்டா."

அவன் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தான். முதல் சிடியில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டு அவன் இரண்டாவதாக எழுதி அனுப்பிய சிடி இது. இதற்கு மேல் அவனிடமும் சரக்கில்லை என்று தெரிந்தது. கடைசியில், "போனைக் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கொண்டு போய்க் காட்டு" என்றான். தரையில் படுத்து, ஒட்டடையெல்லாம் முடியில் அப்பிக்கொள்ளக் காட்டினேன்.

"அந்த நீல வயர் என்னது?"

"அது மைக்."

"அக்கா!"

"அது அம்மாவோடதுடா."

"அம்மாவோடதா இருந்தா கரண்ட் போகாதா? யுஎஸ்பியில சொருகியிருக்குல்ல? அதைப் பாத்துட்டுத்தான் அந்தக் கம்ப்யூட்டர் மிரண்டு நிக்குது. உன்னை வச்சுக்கிட்டு நான்..."

அவனுக்கும் இந்த வீட்டுச் சட்டம் தெரியும், ஊரைவிட்டுப் போனதில் மறந்துவிட்டது. அம்மா பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளராக இருந்தவள். அங்கே யாரோ ஒருவன் மைக் வயரைப் பிடுங்கப்போய், பழைய பிளக் பிய்ந்து, ஒரு நாள் முழுக்க ஜனங்கள் எந்த பஸ் எங்கே என்று தெரியாமல் அலைந்தார்களாம். அன்றிலிருந்து மைக்கை அணைக்கலாம், பிடுங்கக் கூடாது. நாங்கள் பதிவுக்கு வாங்கிய இந்தக் குட்டி மைக்குக்கும் அதே சட்டம். அம்மா அதற்குக் கைக்குட்டையால் முக்காடு போட்டு வைத்திருந்தாள். கழற்ற வேண்டிய சாமான்களில் அதுவும் ஒன்று என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. சுவரில் இருக்கும் ஜன்னலை யாராவது கழற்றுவார்களா?

அம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மைக்கைக் கழட்டணுமாம்மா" என்றேன்.

அம்மா உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பிறகு தானே முழங்காலிட்டு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, துழாவி, வயரை உருவினாள். அதைச் சுருட்டிக் கைக்குட்டையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டேன். கோடு கண்ணடித்தது, மறைந்தது. எழுத்துகள் வரிவரியாகக் கொட்டின. சிடி சுழலும் சத்தத்தோடு ஒரு நீலத் திரை வந்தது.

"வந்துடுச்சுடா."

"பேசிட்டு நிக்காத, முதல்ல காப்பி எடு" என்று தம்பி கத்தினான்.

பென் டிரைவை மறுபடி சொருகி, 'அம்மா' என்ற ஃபோல்டரை அப்படியே அதற்கு இழுத்தேன். ஹார்டு டிஸ்க் முக்கி முனகி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. ஸ்பீக்கரை மாட்டி முதல் பதிவைப் போட்டேன்.

"எனக்கு, தண்ணீர், வேண்டும்."

அடுத்தது. "கதவை, மூடவும்."

ஐந்தாவது நடைமேடையிலிருந்து தண்ணீர் புறப்படப் போகிறது என்பது போல இருந்தது. மைக்கைக் கண்டால் அம்மாவுக்கு வருவது பஸ் ஸ்டாண்ட் குரல். பதிவு செய்த நாட்களில் எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை, மைக் முன்னால் அம்மா அப்படித்தான் பேசுவாள் என்று இருந்துவிட்டோம். இத்தனை பாடுபட்டு எடுத்தது இதுதானா? ஆயுசுக்கும் இவள் எங்களோடு அறிவிப்பாகவே பேசப் போகிறாளா? அம்மாவும் கேட்டுவிட்டு, இது நான் இல்லை என்பது போலத் தலையசைத்தாள்.

"எல்லாமே இப்படியாக்கா?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் இருந்தது மட்டும் நீளமான பதிவு. முதலில் ஒரு வாக்கியம், பிறகு காகிதங்களை மேஜையில் தட்டி அடுக்கும் சத்தம். மைக்கை அணைக்க மறந்திருக்கிறோம்.

"போதுமாடி? தொண்டை வறண்டு போச்சு. எங்கடி போற? இங்க உக்காரு. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறாங்க, நீ பாட்டுக்குத் துணி மடிச்சுட்டு இருக்க. மூஞ்சியைப் பாரு, பேய் அறைஞ்ச மாதிரி. உள்ள இருக்கிறதை வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? பயமா இருந்தா பயம்னு சொல்லு. நான் பேசுற வரைக்கும் நீ பேசாம இருந்துட்ட, நாளைக்கு அப்புறம் இந்த வீட்டுல..."

அங்கே அறுந்துவிட்டது. நான்தான் வந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

இதுதான் அம்மாவின் குரல். கரகரத்து, மூச்சு வாங்கி, காதைத் திருகும் குரல். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பலகையைப் பார்த்திருக்கிறேன், கழுத்துத் துளையைப் பார்த்திருக்கிறேன், அவள் வாயைப் பார்த்ததே இல்லை. பதிவு நின்ற பிறகும் அவள் உதடுகள் நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்க்கா நின்னுடுச்சு?" என்றான் தம்பி. "அப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?"

அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"நாளைக்கு அப்புறம் இந்த வீட்டுல நீதான்டி பேசணும்னு சொல்றாங்க."

சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. அம்மா பலகையை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கும்மா" என்றேன்.