தம்பியின் போனுக்கு வந்த எண்

திரைச்சீலை தைக்கும் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்த தம்பி மட்டும் எட்டு மாதமாக அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு படம். கடைக்கென்று சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் தொடங்கியதே தம்பிதான். மாட்டி முடித்த திரைச்சீலைகளை ஜன்னலில் வெயில் விழும் நேரம் பார்த்துப் படமெடுத்துப் போடுவான், ஆர்டர் வரும். ஒருநாள் ஒரு பக்கம் குட்டையாகப் போய்விட்ட திரையைப் படமெடுத்து, "எங்கள் அக்கா தூக்கக் கலக்கத்தில் தைத்தது" என்று வேடிக்கையாகப் போட்டுவிட்டான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவுக்குச் சும்மாவே மூக்குக்கு மேல் கோபம் வரும். வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே, "கடையை விட்டு வெளிய போடா" என்று கத்திவிட்டாள். அவன் மட்டும் ரோஷத்தில் சளைத்தவனா? இப்போது வேறொரு கடையில் மெத்தை விற்கிறான்.

ஒருநாள் மத்தியானம் அவள் தையல் மிஷினில் இருந்தபோது கடையின் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. "உங்கள் பக்கம் விதிகளை மீறியுள்ளது. இன்று மாலைக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும்." கூடவே ஒரு முத்திரை, கீழே ஒரு லிங்க்.

புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று எல்லா அறைக்கும் திரை வேண்டும் என்று அந்தப் பக்கத்தில்தான் விசாரித்திருந்தது. பக்கம் போனால் ஆர்டரும் போச்சு. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் லிங்க்கைத் தொட்டாள். கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைப் போட்டாள். அடுத்து, போனுக்கு வந்த ஆறு இலக்கக் கோட் எண்ணைக் கேட்டது. அவள் போனுக்கு எதுவும் வரவில்லை.

வராது. பக்கத்தைத் தொடங்கியவன் தன் நம்பரையல்லவா கொடுத்திருந்தான்!

பாழாய்ப்போன நம்பரை இத்தனை நாள் மாற்றாமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பேச மனம் வரவில்லை. "கோட் அனுப்பு" என்று மொட்டையாக ஒரு மெசேஜ் போட்டாள்.

உடனே போன் அடித்தது. தம்பி. எடுத்தாள்.

"யார் பேசறது?"

"நான்தான். கோடை அனுப்புடா."

"நான்தான்னா யாரு?"

"ஏய், விளையாடற நேரமாடா இது? எருமை! அனுப்புன்னா அனுப்பேன்!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அக்காதான். வேற யாரும் இந்தத் திட்டு திட்ட முடியாது."

"பின்ன யாருன்னு நெனச்ச?"

"எட்டு மாசமா ஒரு வார்த்தை இல்ல. திடீர்னு கோட் அனுப்புன்னா? உன் போனை எவனோ தூக்கிட்டான்னுதான் நெனச்சேன். எதுக்குக் கோட்?"

அவள் சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. "லிங்க்ல பாஸ்வேர்டு போட்டியா?"

திட்டு விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "போட்டுட்டேன்."

"சரி, பரவால்ல. அது திருட்டு லிங்க்குக்கா. அதை மூடு. உன் போன்லயே நம்ம பக்கத்துக்குள்ள போய்ப் பாஸ்வேர்டை மாத்து. சீக்கிரம்." பேச்சு நடுவே நின்றது. "இதோ, எனக்கு மறுபடியும் கோட் வருது. நீயா கேட்ட?"

"இல்லடா!"

"அப்ப அந்தத் திருடன்தான். வாசல்ல நின்னு தட்டறான். இந்த எண் இல்லாம அவனால உள்ள வர முடியாது. நீ பதறாம மாத்து."

அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டாள். மூன்றாவது தடவை மாறியது. மற்ற போன்கள் எதிலாவது பக்கம் திறந்திருந்தால் அதையும் மூடச் சொன்னான், மூடினாள். ஆஸ்பத்திரியின் விசாரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

"இனிமே இப்படி ஏதாவது வந்தா லிங்க்கைத் தொடாத. நேரா பக்கத்துக்குள்ள போய்ப் பாரு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோட் வர்ற நம்பரையும் உன்னுதா மாத்திடலாம். என்கிட்ட வந்து கேட்டு நிக்க வேணாம்" என்றான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வேணாம். உன் நம்பரே இருக்கட்டும்."

"ஏன்?"

"என் நம்பரா இருந்திருந்தா, இந்நேரம் நானே அவன் கையில எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை உன் மெத்தைக் கடை லீவுதானே?"

"லீவுதான்."

"மாட்டின திரையெல்லாம் படம் எடுக்காம கிடக்கு. வெயில் எப்ப விழும்னு எனக்குப் பார்க்கத் தெரியல. வாடா."