ஆறாத குழி

குமாசி நகரில் ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று புழுதி வாரி அடித்த அந்த வாரம், பல் டாக்டர் செர்வா திரையில் இருந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையான பல் பதிப்பதற்காக மேல்தாடையில் எலும்பு வைத்து வளர்க்கும் அறுவைக்கு முன் அது எவ்வளவு சிக்கலானது என்று எடைபோடாமல் அவள் கத்தியைத் தொடுவதில்லை. எலும்பு முட்டை ஓடுபோல் மெலிந்திருந்தது. எலும்புச் சுவரை ஒட்டி ஒரு தடித்த ரத்தக்குழாய். இவற்றை அவள் சமாளித்துவிடுவாள். பயமுறுத்தியது வேறொன்று. போன மழைக்காலத்தில் பிடுங்கிய பல்லின் குழி நேற்றுப் பிடுங்கியதுபோல் அப்படியே இருந்தது.

நாற்காலியில் கெஜேட்டியா சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் டுஃபியே. பக்கத்தில் அவள் நாத்தனார் கொனாடு.

"எலும்புக்கு ஏதாவது ஊசி போட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள் செர்வா.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் டுஃபியே, சட்டென்று.

"ஊசின்னா எங்க அண்ணி ஊரையே கூட்டிடுவா" என்று சிரித்தாள் கொனாடு.

செர்வா அவளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இந்தக் குழி பொய் சொல்லாது அக்கா. சொல்லுங்க."

டுஃபியே நெஞ்சில் கை வைத்தாள். "மார்ல கட்டி. அக்ராவுல வைத்தியம் பாத்தேன். எலும்புக்குப் பரவக் கூடாதுன்னு மாசாமாசம் ஊசி. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா என் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் போயிடும் டாக்டரம்மா."

"அந்த ஊசி போட்ட எலும்பக் கீறினா ஆறாது. செத்து அழுகிடும். கழட்டி மாட்டுற பல் செட்டு பண்ணித் தரேன்."

"சம்பந்தி வீட்டு விருந்துல வாயிலேர்ந்து பல்லக் கழட்டச் சொல்றியா?"

"அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். வேற எங்கேயும் போய்ச் செஞ்சுக்காதீங்க."

டுஃபியே எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். செர்வா பிறகு எத்தனை முறை அழைத்தும் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. சந்தையில் எல்லோரும் டுஃபியேயின் புதுப் பல் வரிசையைப் பற்றிப் பேசினார்கள். ஊசியைப் பற்றிக் கேட்காத வேறொரு டாக்டரிடம் போய் அந்த அறுவையைச் செய்துகொண்டிருந்தாள்.

மழை தொடங்கியபின் ஒரு காலை, அறைக்குள் முதலில் அழுகல் நாற்றம் வந்தது. பின்னால் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு டுஃபியே. கொனாடு அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டா" என்றாள் கொனாடு. குரல் உடைந்திருந்தது. "எங்கிட்ட மறைக்கணுமா டாக்டர்? நான் என்ன பேயா?"

செர்வா துணியை மெல்ல விலக்கினாள். ஈறு விலகி, எலும்பு மஞ்சளாக வெளியே நின்றது. சீழ் கன்னம்வரை ஏறியிருந்தது.

டுஃபியே செர்வாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு கஷ்டம்னு பாத்துச் சொல்லும்மா."

செர்வா விளக்கை இழுத்து வாய்க்கு நேரே திருப்பினாள். பார்த்தாள். கன்னத்தை விலக்கி, செத்த எலும்பு எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே போனாள்.