பச்சை பூத்த பெஞ்சுகள்

அச்சுப் பலகையைக் கழற்றியதும் தம்பி கத்தியே விட்டான்.

"அக்கா! என்ன இது, பாசி பிடிச்ச தொட்டி மாதிரி பச்சையா நிக்குது?"

பூங்காவை நடத்தும் அம்மாளுக்காக வார்த்த கான்கிரீட் பெஞ்சுகள். நிஜமாகவே பச்சைதான், கொஞ்சம் நீலமும் கலந்த பச்சை. அக்கா விரலால் தேய்த்துப் பார்த்தாள்; போகவில்லை. சிமெண்டுக்காகக் கல்லைச் சுடும் சூளை எவ்வளவு கரிப்புகையைக் கக்குகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தம்பியை நச்சரித்தவள் அவள். பாதி சிமெண்டைக் குறைத்து, இரும்பாலையில் மிஞ்சுகிற கசடை அரைத்த பொடியைக் கலக்க வைத்ததும் அவள்தான்.

"பூங்காக்காரம்மா வேணாம்னு சொல்லட்டும், பழையபடி முழு சிமெண்டுதான். அப்புறம் நீ பொடின்னு வாயே திறக்கக் கூடாது."

"பொடி குடுத்தவரு நிறம் தானா போயிடும்னாருடா."

"எப்ப? நம்ம பேரன் காலத்துலயா?"

பொடி கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். ஈரம் அதிக நாள் வேண்டும். நனைக்கிற வேலையை அக்காவின் வீட்டுக்காரர் தலையில் போட்டுக்கொண்டார். சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் குழாயும் கையுமாக நின்றார். அக்கா தினமும் சாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். பச்சை அசையவில்லை.

"இன்னும் நல்லா நனைங்க," என்பாள், ஏதோ அழுக்கைக் கழுவுவது போல.

"நனைச்சு நனைச்சு எனக்கே பாசி பிடிச்சிடும் போல," என்பார் அவர்.

பூங்காக்காரம்மா வந்தார். சாக்கை விலக்கியதுமே முகம் சுருங்கியது.

"துணியில ஒட்டிக்கும்னு ஒருத்தரும் உட்கார மாட்டாங்களேம்மா." பிறகு கொட்டகை ஓரத்தைக் காட்டினார். "அதோ, அவரு உட்கார்ந்து சாப்பிடுற பெஞ்சு சாம்பல் நிறத்துல இருக்கே. அப்படின்னா எடுத்துக்கிறேன்."

"அது பழைய சிமெண்டுல போட்டதும்மா," என்ற தம்பி அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். "சொன்னா யாரு கேக்குறா?"

"யாரு சொன்னது?" வாய் நிறையச் சாப்பாட்டோடு வீட்டுக்காரர் எழுந்தார். "இதுவும் அதே கலவைதான் மச்சான். உட்கார இடம் வேணுமேன்னு இதை மட்டும் நனைக்கல, மூடல."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காற்றுப் பட்டால் போகிற நிறம். போகவிடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தது அவளேதான்.

"அப்ப அதை முதல்ல ஏத்துங்க," என்றார் பூங்காக்காரம்மா.

தம்பி தலையாட்டப் போனான். அக்கா குறுக்கே புகுந்தாள்.

"அது வேணாம்மா. தண்ணி குடிக்காம காஞ்சது. பாக்கத்தான் அழகு, உள்ள பலம் பத்தாது. இதுங்கதான் கெட்டி. ஈரம் போதுமான அளவு குடிச்சாச்சு, இனி காத்தாட விடுறேன். கொஞ்ச நாள் கழிச்சு வந்து பாருங்க."

"பச்சை போகலைன்னா?"

"ஏத்த வேணாம்."

சாக்குகளை எல்லாம் உருவிப் போட்டார்கள். முதலில் விளிம்பு வெளுத்தது, பிறகு முதுகு. கடைசியில் கால் மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒளிந்திருந்தது; லாரி வந்த அன்று அதையும் காணோம். பூங்காக்காரம்மா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டே ஏற்றச் சொன்னார்.

லாரி தெரு முனை திரும்பியதும் தம்பி போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். அவன் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும்.

"அண்ணே, அந்தப் பொடி இன்னொரு லோடு அனுப்புங்க... ஆமா... இல்லண்ணே, அக்கா சொல்லல. நான்தான் கேக்குறேன்."

அக்கா காதில் விழாதவள் போல அச்சுப் பலகைக்கு எண்ணெய் பூசத் தொடங்கினாள்.